அந்த இதழ் எடைக்குப் போய்விட்டது, என் பணம் எங்கே மேடம்?

கணக்குப் பிரிவின் வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். முகம் தெரிந்தது, பெயர் நினைவுக்கு வரவில்லை. ஐந்து மாதத்துக்கு முன்னால் எங்கள் இதழின் அட்டையில் வந்த முகம். "மேடம், அந்த இதழ் கடையிலிருந்து திரும்பி வந்து எடைக்கே போய்விட்டது. என் பணம் மட்டும் இன்னும் வரவில்லை" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். சிரித்துக்கொண்டே சொன்னாள். அதுதான் உறைத்தது.

நான் அப்போது இதழின் விளம்பரப் பிரிவுக்குத் தலைவி. "உங்கள் ஏஜென்சிக்கு எப்போதோ அனுப்பிவிட்டோமே" என்றேன். அனுப்பவில்லை என்பது அன்று மாலை தெரிந்தது. பில் ஒரு மேசையில், ஒப்புதல் கையெழுத்து இன்னொரு மேசையில், இரண்டுக்கும் நடுவில் விடுப்பில் போன ஓர் ஊழியர். சில வருடம் கழித்து நான் ஒரு மாடல் ஏஜென்சியின் நிர்வாகத்துக்குப் போனேன். அங்கே அதே கேள்வியை நானே இதழ்களிடம் போன் போட்டுக் கேட்க வேண்டியிருந்தது. அப்புறம் இரண்டு தொழிலையும் ஒரே கூரைக்குக் கீழே பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் வந்தது.

இந்த வேலையின் பளபளப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத நினைப்பது பணம் வரும் நாளைப் பற்றி. வேலை இன்று நடக்கும், காசு என்றோ வரும். அதுவரை யார் காத்திருப்பது என்று முடிவு செய்வதில்தான் என் காலத்தில் பாதி போனது.

இதழுக்குள் நான் நுழைந்தது விளம்பரம் விற்க. எழுத்தார்வம் எல்லாம் கிடையாது. விற்கத் தெரியும், அவ்வளவுதான். ஒரு பக்க விளம்பரம் கூடுதலாகப் பிடித்துவிட்டேன் என்று துள்ளிக்கொண்டு போனால் ஆசிரியர் முகம் சுருங்கும். முரண்டு பிடிக்கிறார் என்றே பல மாதம் நினைத்திருந்தேன். ஒருநாள் அவர் ஒரு வெள்ளைத் தாளை இரண்டு முறை மடித்து, ஓரத்தில் பக்க எண் போட்டு, விரித்துக் காட்டினார். எட்டாம் பக்கத்துக்கு அருகில் ஏழு இல்லை, ஒன்று நின்றது. நடுமடிப்பில் பின் அடித்துக் கட்டிய இதழில் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் கூடும், குறையும். அச்சகம் 16 பக்க ஃபாரமாக, அதாவது ஒரே பெரிய தாளில் 16 பக்கமாக, ஓட்டினால் இன்னும் இறுக்கம். என் ஒரு பக்க விளம்பரத்துக்காக அவர் ஒரு கட்டுரையின் கடைசிப் பக்கத்தை வெட்ட வேண்டும், அல்லது நான் மேலும் சில விளம்பரங்களைப் பிடித்துவந்து ஒரு ஃபாரத்தின் செலவை ஈடுகட்ட வேண்டும். விளம்பரம் விற்க வருகிற புதியவர்களுக்கு இப்போதும் முதல் நாள் அந்தத் தாளை மடிக்கத்தான் சொல்கிறேன்.

சரி, இதழின் பணம் எப்படி நகர்கிறது என்று பார்ப்போம். ஜனவரி இதழ் என்றால் அக்டோபர் கடைசியிலோ நவம்பரிலோ ஷூட். டிசம்பரில் காகிதமும் அச்சும். காகிதக்காரர் கடன் கொடுப்பார், அதிக நாளுக்குக் கொடுக்க மாட்டார். ஜனவரியில் இதழ் கடையில் தொங்கும். விற்காத பிரதிகள் ரிட்டர்ன். அடுத்த இதழ் கடைக்குப் போன பிறகுதான் முந்தையதன் ரிட்டர்ன் கணக்கு வரும். அப்புறம் முகவர் தன் பங்கைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்புவார். விளம்பரதாரர் 60 நாள் என்று கையெழுத்துப் போட்டு 90-வது நாளில் போனை எடுப்பார். ஆக, நவம்பரில் வேலை செய்த புகைப்படக்காரருக்கும் மாடலுக்கும் தர வேண்டிய காசு ஏப்ரலில்தான் உள்ளே வருகிறது. இடைப்பட்ட மாதங்களை யாரோ தாங்க வேண்டும். அச்சகத்துக்காரர் தாங்க மாட்டார், அடுத்த இதழை ஓட்டாமல் நிறுத்திவிடுவார். வாடகை காத்திருக்காது. மிச்சமிருப்பது நிறுத்த முடியாதவர்கள், அதாவது எழுதியவர், படம் எடுத்தவர், படத்தில் நின்றவர். யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டு இப்படிச் செய்வதில்லை. நிறுத்தத் தெரிந்தவர்களுக்குக் கொடுத்து முடிக்கும்போது பெட்டி காலியாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

முன்கூட்டியே பணம் தருகிற ஒரே ஆள் சந்தாதாரர். வருடச் சந்தா கட்டுகிறவர் 12 இதழுக்கான காசை முதல் நாளே கொடுத்துவிடுகிறார். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் பெரிய சந்தா இயக்கம் நடத்தினோம். வங்கியில் பணம் குவிந்தது. உடனே புது அலுவலகம், புது நாற்காலிகள். ஒன்பதாம் மாதம் அச்சுக்குக் காசில்லை. வாங்கிய சந்தாவில் இன்னும் மூன்று இதழ் அனுப்ப வேண்டியிருந்தது. சந்தாப் பணம் வருமானமாகத் தெரியும், உண்மையில் அது கடன். ஒவ்வோர் இதழ் அனுப்பிய பிறகும் பன்னிரண்டில் ஒரு பங்குதான் நம்முடையதாகிறது. அதைத் தனிக் கணக்கில் போட்டு மாதாமாதம் எடுங்கள். இந்த ஒரு பழக்கம் இருந்திருந்தால் அந்த இதழ் இன்னும் கொஞ்ச காலம் ஓடியிருக்கும்.

என் சொந்தத் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அட்டைப்படத்தின் இறுதிப் புரூஃபை, அதாவது அச்சுக்கு முன் ஒப்புதலுக்கு வரும் மாதிரிப் பிரதியை, என் மேசையில், டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மாடலின் தோல் நிறம் அழகாகத் தெரிந்தது. அச்சாகி வந்த பிரதியில் கன்னம் காய்ச்சல் கண்டவள் கன்னம்போல லேசாகப் பச்சையடித்தது. அச்சகத்தின் மீது பாய்ந்தேன். அவர்கள் என்னை வண்ணம் பார்க்கும் மேசைக்கு அழைத்துப் போய், நான் கையெழுத்துப் போட்ட அதே புரூஃபை, நிறம் பார்ப்பதற்கென்றே உள்ள, பகல் வெளிச்சம்போன்ற 5000 கெல்வின் விளக்கின் கீழே வைத்தார்கள். அங்கேயும் பச்சைதான். கையெழுத்து என்னுடையது, ஆகவே செலவும் எங்களுடையது. திரையில் தெரிவது சிவப்பு, பச்சை, நீலம் கலந்த ஆர்ஜிபி வெளிச்சம், தாளில் விழுவது சயான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு கலந்த சிஎம்ஒய்கே மை. இரண்டும் ஒன்றாக இருக்கவே இருக்காது. புரூஃபை அதற்கான விளக்கில் மட்டும் பாருங்கள். உள்பக்கம் கொஞ்சம் தப்பினாலும் பரவாயில்லை, அட்டைக்கு நேரில் போய் முதல் சில தாள்கள் ஓடும்போது பக்கத்தில் நில்லுங்கள். தோல், வானம், சாம்பல் நிறம் மூன்றிலும்தான் பிசகு முதலில் தெரியும்.

விற்பனை எண்ணிக்கையிலும் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். எத்தனை பிரதி அச்சடிக்கிறோம் என்பதை எத்தனை விற்கிறது என்பதுபோலச் சொல்வது இந்தத் தொழிலின் பழைய வித்தை. 1914-இலேயே அமெரிக்காவில், இதழ்களின் விற்பனைக் கணக்கைச் சரிபார்க்கும் ஆடிட் பியூரோ ஆஃப் சர்க்குலேஷன்ஸ் தொடங்கக் காரணம் இதுதான். விளம்பரதாரர்களுக்கு இதழ்காரர்களின் வாய்க்கணக்கில் நம்பிக்கை போய்விட்டது. நானும் ஒரு வாடிக்கையாளரிடம் அச்சு எண்ணிக்கையைத்தான் சொன்னேன், விற்பனை என்ற சொல்லை வாயில் வராமல் பார்த்துக்கொண்டு. அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ரிட்டர்ன் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டார். விழித்தேன். அவர் ஒரு காலத்தில் இதழ் விநியோகத்தில் இருந்தவராம். அந்த வருட விளம்பரம் போனது. இப்போது நானே முதலில் ரிட்டர்ன் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் குறைவான விலைக்குப் போகும், ஆனால் மறு வருடமும் வருகிறார்கள்.

ஏஜென்சிக்கு மாறியபோது, இதழ் நடத்தியவளுக்கு இது என்ன பெரிய வேலை என்ற நினைப்பு எனக்கு இருந்தது. இரண்டு வாரத்தில் போய்விட்டது.

மாடல் ஏஜென்சி என்ற தொழில் ஒரு நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஜான் ராபர்ட் பவர்ஸ் நியூயார்க்கில் தன் ஏஜென்சியை 1923-இல் தொடங்கினார். எனக்குப் பிடித்த கதை அதற்கு அடுத்தது. 1946-இல் அதே நகரத்தில் ஐலீன் ஃபோர்டும் அவர் கணவர் ஜெரி ஃபோர்டும் ஃபோர்டு ஏஜென்சியை ஆரம்பித்தார்கள். அவர்கள் பெயர் வாங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் வவுச்சர் முறை. மாடல் வேலையை முடித்து, வேலை பார்த்ததற்கான வவுச்சர் சீட்டைக் கொண்டுவந்து கொடுத்தால் வாடிக்கையாளர் பணம் தரும்வரை காத்திருக்க வேண்டாம், ஏஜென்சியே முன்பணமாகக் கொடுத்துவிடும். அழகான முகங்களைத் தேடிப் பிடிப்பதில் எல்லோரும்தான் கெட்டிக்காரர்கள். காத்திருப்பதைத் தங்கள் தோளுக்கு மாற்றிக்கொண்டது அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். வாசலில் நின்ற அந்தப் பெண்ணைக் கேட்டால் எந்த ஏஜென்சிக்குப் போவாள்?

ஏஜென்சியின் வரவு இரு பக்கமும் வரும். ஒரு நாள் ஊதியம் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். பரவலாக உள்ள வழக்கப்படி வாடிக்கையாளர் அதன் மேல் 20 விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்த்து 120 தருவார். மாடலின் 100-இலிருந்து 20 கமிஷன் போகும். மாடலுக்கு 80, ஏஜென்சிக்கு 40. அந்த நாற்பதில், மாடலை முதலில் கண்டுபிடித்து அனுப்பிய தாய் ஏஜென்சிக்கு ஒரு பங்கு உண்டு. இந்தக் கணக்கைப் புதிய மாடலுக்கு முதல் நாளே எழுதிக் காட்டுங்கள். பின்னால் தானாகக் கண்டுபிடித்தால் திருடியதுபோலத் தெரியும்.

அதைவிட மோசமானது செலவுப் பிடித்தம். மாதிரிப் படங்களுக்கான டெஸ்ட் ஷூட், படங்களின் தொகுப்பான போர்ட்ஃபோலியோ, படமும் அளவுகளும் அச்சடித்த காம்ப் கார்டு, பயணம், தங்குமிடம் எல்லாவற்றையும் முதலில் ஏஜென்சி செலவழித்துவிட்டு, அப்புறம் மாடலின் வருமானத்தில் பிடித்துக்கொள்ளும். நான் பொறுப்பேற்ற வாரம் கணக்குகளைப் புரட்டினேன். மூன்று விளம்பரத்தில் நடித்த ஒரு பையன் எங்களுக்குக் கடன்காரனாக இருந்தான்! அவனுக்கே தெரியாது. எது எதற்கு எவ்வளவு என்று யாரும் அவனிடம் சொன்னதில்லை. அன்றிலிருந்து, மாடல் கையெழுத்துப் போடாத செலவைப் பிடிப்பதில்லை என்று வைத்தோம். உள்ளுக்குள் முணுமுணுப்பு எழுந்தது. செலவு தானாகப் பாதியாகக் குறைந்ததும் அது அடங்கிவிட்டது. பிறர் பணத்தில் கார்டு அச்சடிக்கும்போது நமக்குக் கை தாராளம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பதிவுக் கட்டணம் கட்டு, எங்கள் போட்டோகிராபரிடமே படம் எடு, எங்கள் பயிற்சியில் சேர், பிறகு வாய்ப்பு என்று சொல்கிற இடத்தில் வியாபாரம் மாடலிங் இல்லை, நீங்கள்தான். ஒழுங்கான ஏஜென்சி முதலில் கேட்பது மேக்கப் இல்லாமல், சாதாரண உடையில், ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்த நாலைந்து படங்களும் அளவுகளும் மட்டுமே. போனில் எடுத்தாலே போதும்.

ஏஜென்சியின் இதயம், மாடல்களுக்கு வேலை பேசித் தேதி குறிக்கும் புக்கரின் மேசை. அங்கே ஓடுவது ஆப்ஷன் கணக்கு, அதாவது தேதியை உறுதி செய்யாமல் பிடித்து வைப்பது. ஒரு வாடிக்கையாளர் தேதி கேட்டால் அது முதல் ஆப்ஷன், அடுத்து வருகிறவருக்கு இரண்டாவது. இரண்டாமவர் உறுதியாக எடுக்கத் தயாரானால் முதலாமவரிடம் கேட்க வேண்டும்: எடுக்கிறீர்களா, விடுகிறீர்களா? நாங்கள் ஒரு நாள் அவகாசம் கொடுப்போம். எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் தயங்குகிற பெரிய வாடிக்கையாளருக்காக, தயாராக நிற்கிற சின்ன வாடிக்கையாளரை நழுவ விட்டு, கடைசியில் பெரியவரும் வராமல் மாடல் வீட்டில் உட்கார்ந்திருப்பது எத்தனையோ முறை நடந்திருக்கிறது. ரத்துக் கட்டணத்தை ஒப்பந்தத்தில் எழுதிய பிறகுதான் நாங்கள் மூச்சு விட்டோம். முந்தைய நாள் ரத்து செய்தால் முழு ஊதியம், இரண்டு நாள் முன்னால் என்றால் பாதி.

பண விஷயத்தில் நான் அதிகம் தோற்றது ஊதியத்தில் இல்லை, பயன்பாட்டு உரிமையில். ஓர் இதழுக்காக எங்கள் பெண் ஒருத்தி ஒரு நகை ஷூட் செய்தாள். இதழ் வேலைக்கு ஊதியம் சொற்பம். ஒப்புதல் படிவம் வந்தது, அரைப் பக்கம், "அனைத்து ஊடகங்களிலும்" என்று ஒரு வரி. புக்கர் அவசரத்தில் அனுப்பிவிட்டார், நானும் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து அதே படம் ஒரு மேம்பாலத்தின் பக்கத்தில் பெரிய பலகையாக நின்றது. இதழ் அந்தப் படத்தை நகைக்காரருக்கு விற்றிருந்தது. வழக்கறிஞரிடம் போனோம். படித்துப் பார்த்துவிட்டு, தலையை மட்டும் ஆட்டினார். நஷ்டம் பலகையோடு நிற்கவில்லை. இன்னொரு நகை விளம்பரத்துக்கு அவளைக் கேட்டிருந்தவர்கள், போட்டிக் கடையில் முகம் தெரிகிறதே என்று விலகிவிட்டார்கள்.

இப்போது எங்கள் படிவத்தில் எந்த ஊடகம், எந்த நிலப்பரப்பு, எவ்வளவு காலம் என்ற மூன்று கேள்விக்கும் பதில் இருந்தே ஆக வேண்டும். எழுதாத உரிமை கொடுக்கப்படாதது என்று ஒரு வரி. காலம் முடிந்தால் புதுப்பிக்கப் புதுக் கட்டணம், அந்தத் தேதியை நாங்களே நாள்காட்டியில் குறித்து வைக்கிறோம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வேண்டுமென்றே மீறுவதில்லை, மறந்துவிடுகிறார்கள். நினைவூட்டினால் கொடுக்கிறார்கள். சமீபத்தில் இன்னொரு கட்டமும் சேர்த்தோம், மாடலின் உருவத்தைக் கணினியில் மறுவுருவாக்கம் செய்வது பற்றி. நியூயார்க் மாநிலத்தின் ஃபேஷன் ஒர்க்கர்ஸ் ஆக்ட் 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. டிஜிட்டல் பிரதி எடுக்க மாடலின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தனியாக வேண்டும் என்கிறது, கமிஷனுக்கும் 20 விழுக்காடு என்று வரம்பு வைக்கிறது. உங்கள் நாட்டில் சட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தக் கட்டத்தைச் சேர்த்துவிடுங்கள். ஒரு நாள் ஸ்கேன் செய்த முகம் எத்தனை வருடம் சம்பளமில்லாமல் உழைக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இதழ், ஏஜென்சி இரண்டையும் ஒருசேரக் கையில் வைத்திருந்த காலம்தான் எனக்குக் கடினமானது. எங்கள் இதழின் அட்டைக்கு எங்கள் மாடலைப் போடுவது ஒரு போன் தூரம். "காசு கொஞ்சம்தான் தர முடியும், ஆனால் அட்டை கிடைக்கிறதே, அதைக் காட்டிப் பெரிய வேலை பிடிக்கலாம்" என்று மாடலிடம் சொல்வோம். அதில் பொய் இல்லை. அட்டையில் வந்த முகத்துக்கு விளம்பர ஊதியம் ஏறுவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் இதுவும் காத்திருக்கச் சொல்வதுதான். இன்றைய காசுக்குப் பதிலாக நாளைய பெயர். அதைச் சொல்கிற நான் இரு பக்கமும் உட்கார்ந்திருக்கிறேன், இதழுக்குச் செலவு மிச்சம், ஏஜென்சிக்குப் பின்னால் கமிஷன். மாடலுக்காகப் பேரம் பேச அந்த அறையில் யாருமே இல்லை. முதல் வருடம் மூன்று அட்டை அப்படிப் போட்டேன். மூன்றாவதுக்குப் பிறகு ஆசிரியர் நேராகவே கேட்டார், "வாசகர் இதை இதழாகப் படிக்கிறாரா, உங்கள் ஏஜென்சியின் பட்டியலாகவா?" அதன் பிறகு அட்டைத் தேர்வில் எனக்கு வாக்கு இல்லை என்று எழுதி வைத்தோம். எங்கள் மாடல் வந்தால், வெளி ஏஜென்சிக்குத் தருகிற அதே ஊதியம், அதே தேதியில். ஒப்பந்தத்தைப் பார்ப்பவர் மூன்றாம் ஆள்.

வயது, உடல் பற்றியும் கொஞ்சம். 2006-இல் மாட்ரிட் ஃபேஷன் வாரம், உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ எண் 18-க்குக் கீழே உள்ளவர்களை மேடையேற்றவில்லை. 2017-இல் எல்விஎம்எச், கெரிங் என்ற இரண்டு பெரிய ஆடம்பர ஃபேஷன் நிறுவனங்களும் சேர்ந்து, பெரியவர்களுக்கான உடைக்கு 16 வயதுக்குக் கீழே உள்ள மாடல்களை எடுப்பதில்லை என்று அறிவித்தன. அதே ஆண்டு அக்டோபரிலிருந்து பிரான்சில், உடலை மெலிதாகவோ பருமனாகவோ திருத்திய விளம்பரப் படத்தில் அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும் என்றானது. பிஎம்ஐ என்பது மொட்டையான கருவி என்பது என் எண்ணம். இயல்பாக ஒல்லியாக இருப்பவரைத் தடுக்கும், வாரக்கணக்கில் பட்டினி கிடந்து 18.2-இல் நிற்பவரை விடும். எண்ணை நான் அதிகம் நம்புவதில்லை. மதிய உணவு வரும்போது யார் எழுந்து வெளியே போகிறார்கள் என்று பார்க்கச் சொல்லி புக்கர்களிடம் சொல்லியிருக்கிறேன். பதினெட்டு நிறையாதவர் என்றால் பெற்றோரோ அவர்கள் அனுப்பும் ஆளோ படப்பிடிப்பில் இருக்க வேண்டும், வாடிக்கையாளர் நேரடியாகச் செய்தி அனுப்பக் கூடாது, எல்லாம் ஏஜென்சி எண் வழியாக. இதை ஏற்காத வாடிக்கையாளர்கள் இருவரை விட்டுவிட்டோம். ஒருவர் பெரிய கணக்கு. அந்தக் காலாண்டு வலித்தது.

வவுச்சர் கதையை நாங்களும் முயன்று பார்த்தோம். வேலை முடிந்த 15-ஆம் நாள் மாடலுக்குப் பணம், வாடிக்கையாளர் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும். ஏஜென்சியின் பங்கில் நான்கில் ஒன்றை ஒன்றரை வருடம் தொடாமல் சேர்த்துத்தான் அதற்கான மூலதனத்தைத் திரட்டினோம். என் சம்பளம் அந்தக் காலத்தில் ஏறவில்லை. முதல் ஆறு மாதத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. காத்திருப்பது நாங்கள் என்று ஆனதும், தாமதமாகக் கொடுக்கும் வாடிக்கையாளர்கள் யார் என்று எங்களுக்குத் திடீரென்று நன்றாகத் தெரிய ஆரம்பித்தது. மாடல்கள் தாங்கிக்கொண்டிருந்தவரை அவர்கள் எல்லோருமே எங்களுக்கு "நல்ல பார்ட்டி"கள்தான். இப்போது 60 நாளைத் தாண்டியவருக்கு அடுத்த ஆப்ஷன் கிடையாது. இதழ்ப் பக்கத்திலும், வெளியான பிறகு சன்மானம் என்றிருந்ததை ஏற்றுக்கொண்ட அன்றே என்று மாற்றினோம். ஆசிரியர்கள் தேவையில்லாமல் கட்டுரைகளை வாங்கிக் குவித்து வைப்பது நின்றுபோனது. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

அந்த அட்டைப் பெண்ணுக்கு ஏழாவது மாதம் பணம் போய்ச் சேர்ந்தது. அதற்குள் அவள் மாடலிங்கை விட்டிருந்தாள். ரசீதில் இருந்த பெயரை அப்போதுதான் சரியாகப் படித்தேன்.

இன்று வெள்ளிக்கிழமை. மேசையில் பாக்கிப் பட்டியல் இருக்கிறது. மேலிருந்து மூன்றாவது பெயர் ஓர் இதழ், 83 நாள். அதன் விளம்பரப் பிரிவுத் தலைவி என்னிடம் தாள் மடிக்கக் கற்றுக்கொண்டவள். போனை எடுத்தவுடன் அவள் என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும், "அனுப்பிவிட்டோமே மேடம்."